ஏழாக மறுத்த நிலாணி

வானிலிருந்து பனி பொழிகின்றதோ, வானமே நைந்து துகள் துகளாய் உதிர்கின்றதோ என்று காண்போர் மயங்குமாறு, தொறொன்ரோ மாநகரின் வடகிழக்கே மில்லிக்கன் எனும் புறநகர் முழுவதும் அன்று பஞ்சுப்பொதியுள் வைத்த பளிங்குக் கலம்போற் கிடந்தது. சீனர் மீன்கடையும் தமிழர் மரக்கறிக்கடையும் தோளோடு தோள் உரசி நிற்கும் கடைத்தொகுதிகளின் பெயர்ப்பலகைகள் எல்லாம் பனி மூடி, எது எம்மொழி என்று அறியவொண்ணாத ஒப்புரவு எய்தியிருந்தன. ஸ்டீல்ஸ் தெருவிற் சென்ற ஊர்திகளோ, நத்தை கண்டால் நகைக்குமே என்று நாணியவைபோல் ஊர்ந்தன. மிகையென்று எண்ணற்க, கற்றறிந்தீர்! தம் ஊர்தியென்று மயங்கி அயலார் ஊர்தியை இரண்டு மணிநேரம் அகழ்ந்தெடுத்தவர் அத்தெருவில் மூவர் உளர். ஆண்டிலேயே பகல் மிகக் குறுகும் நாள் அது. நான்கு மணிக்கே கதிரவன் அலுவல் முடிந்தவன்போற் கைப்பையைத் தூக்கிக்கொண்டான்.

அந்நாளைச் சீன மக்கள் குளிர்காலத் திருப்புநாள் என்று போற்றுவர். எத்திசை சென்ற உறவும் அன்று ஒரு மேசையிற் கூடி, எள்ளுப்பாகு உள்ளடைத்து இஞ்சிப்பாகில் மிதக்கும் அரிசிமா உருண்டைகளை உண்ணும். தொங்யூன் எனப்படும் அவ்வுருண்டையை உண்டவர்க்கு அக்கணமே ஓர் அகவை கூடும் என்பது அவர்தம் வழக்கு. இவ்வழக்கை நிலாணியின் நெஞ்சில் விதைத்தவள் அவள் தாய் சியூலான்; குவாங்சோ நகரிற் பிறந்து, யாழ்ப்பாணத்து வாகீசனை மணந்து, அவன் தமக்கை கமலாம்பிகையிடம் தமிழ் பயின்று, ஈற்றில் அத்தமக்கையே வாயடைத்து நிற்குமாறு வாதாடவல்லவளாய் வளர்ந்தவள். சென்ற தைத் திங்களில், நிலாணியின் ஆறாம் பிறந்தநாள் கழிந்த மறுவாரம், தன் தந்தை இடுப்பெலும்பு முறிந்து வீழ்ந்தார் என்று கேட்டு, அவரைப் பேணுதற்குக் கடல் கடந்தாள். "நீ ஏழு வயசாக முன்னம் வந்திடுவன், பிள்ளை" என்று அவள் உச்சி முகர்ந்து உரைத்த சொல்லை, நிலாணி அரசு இலச்சினை பொறித்த ஓலைபோற் பதினொரு திங்கள் காத்துவந்தாள்.

இன்று அத்தாய் வருகின்றாள். அழைத்துவர வாகீசன் காலையிலேயே வானூர்தி நிலையம் சென்றுவிட்டான். பிறந்தநாள் தையில்தானே என்று பெரியோர் கவலையின்றி இருந்தனர். நிலாணியின் கணக்கோ வேறு. உருண்டையை உண்டால் இன்றே ஏழு; தாய் வருமுன் ஏழானால் தாயின் சொல் பொய்க்கும். ஆகவே, பிட்டு இரண்டு தட்டும் வாழைப்பழம் மூன்றும் தடையின்றி உள்ளே சென்ற அவ்வாயின் வாயிற்கதவு, தன் உயிரினும் இனிய உருண்டைக்கு மட்டும் தாழிட்டுக்கொண்டது.

"ஒண்டே ஒண்டு, பிள்ளை. மாமி விடிய எழும்பி உருட்டினது" என்று கமலாம்பிகை கிண்ணத்தை நீட்டினாள்.

"வேண்டாம் மாமி. சாப்பிட்டா நான் ஏழு."

"ஏழானா என்ன, கொம்பே முளைக்கும்?"

"அம்மா ஆறு வயசுப் பிள்ளையிட்டத்தான் வாறன் எண்டு சொன்னவா."

வாதில் தோற்ற கமலாம்பிகை, நாற்பதாண்டுச் சமையற் பெருமிதத்தைப் பலியிடத் துணிந்தாள். "சரி, உண்மையைச் சொல்லுறன். உது தொங்யூனே இல்லை. மாவை வறுக்காதேங்கோ மச்சாள் எண்டு உன்ர அம்மா போன்ல நூறுதரம் சொன்னவா. நான் பழக்கத்தில வறுத்துப்போட்டன். உது வெறும் கொழுக்கட்டை. எத்தினை திண்டாலும் வயசு கூடாது."

"அப்ப ஏன் காலமை அப்பாட்ட, தொங்யூன் அந்தமாதிரி நல்லா வந்திருக்கு எண்டு சொன்னனீங்கள்?"

"உன்னை லோயருக்குத்தான் படிப்பிக்கோணும்" என்று மாமி கிண்ணத்தைப் பின்வாங்கினாள்.

நான்கரை மணிக்குத் தொலைபேசி ஒலித்தது. "அக்கா, பிளைற் இன்னும் இறங்கேல்லை. ஸ்னோவால மேலயே சுத்துதாம். ஒட்டாவாவுக்குத் திருப்பினாலும் திருப்புவினம். அப்பிடியெண்டா நாளைக்குத்தான்" என்ற வாகீசனின் குரலை நிலாணியும் கேட்டாள். மேசையில் வைத்த கிண்ணத்திலிருந்து இஞ்சியும் எள்ளுப்பாகும் கலந்த நறுமணம், உறுதி குலைக்க வந்த ஒற்றன்போல் அவள் மூக்கைச் சுற்றி வந்தது.

"மாமி, இண்டைக்குச் சாப்பிடாட்டி?"

"நாள் போயிடும். பிறகு அடுத்த வருஷம்தான்."

நிலாணி நெடுநேரம் எண்ணினாள். வகுப்புத் தோழர் அனைவரும் ஏழாகி மேல்வகுப்பேறிச் செல்ல, தான் மட்டும் சின்னஞ்சிறு நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க அமர்ந்திருக்கும் காட்சி அவள் கண்முன் விரிந்தது. தன்னிலும் நான்கு திங்கள் இளைய அயல்வீட்டு ஜெனாட், தன்னை "தங்கச்சி" என்று அழைக்கும் கொடுமையும் தோன்றிற்று.

"பரவாயில்லை" என்றாள் ஈற்றில். "ஜெனாட் ஏழாகட்டும். நான் ஆறாவே இருப்பன்."

நாட்டைத் துறந்த வேந்தர் பலர் உளர். ஏழாம் அகவையைத் துறந்தவர் அவளன்றி எவர்?

ஏழு மணியளவிற் கதவு திறந்தது. ஒட்டாவா செல்லாது ஒருவாறு இறங்கிய வானூர்தியின் களைப்பெல்லாம் முகத்தில் ஏந்தி, தலையிலும் தோளிலும் பனி சுமந்து, சியூலான் நின்றாள்; அவள் பின்னே இரு பெருமூட்டைகளுடன் வாகீசன். நிலாணி பாய்ந்து சென்று, தொடாமல் ஓரடி முன்னே நின்று, மார்பை நிமிர்த்தினாள்.

"அம்மா! நான் இன்னும் சிக்ஸ்தான். செக் பண்ணிப் பாருங்கோ!"

சியூலான் முழந்தாளிட்டுப் பார்த்தாள். முன்பற்கள் இரண்டைக் காணோம். கணுக்காலைத் தொட்ட காற்சட்டை நான்கு விரல் மேலேறி நின்றது. காதோரம் அறியாத தழும்பொன்று, என்று எங்ஙனம் விழுந்ததோ! கமலாம்பிகை உருண்டையின் கதையைக் கூறி முடிக்குமுன் தாயின் கண் நிறைந்து வழிந்தது.

"எனக்காகவே பாத்துக்கொண்டு இருந்தனீ? சரி, இண்டைக்கும் சாப்பிடாதை. உன்ர ஆறு வயசை நான் பாக்கவேயில்லை, பிள்ளை. இன்னும் கொஞ்சநாள் பாத்திட்டு விடுறன்."

"நாள் போயிடும் எண்டு மாமி சொன்னவா."

"எங்கட ஆக்களின்ர விழா. நான் சொன்னாச் சரி."

நிலாணி தாயின் முகத்தை நோக்கினாள், கிண்ணத்தை நோக்கினாள். அன்பு ஒருபுறமும் எள்ளுப்பாகு மறுபுறமும் இழுக்க, முறைமன்ற நடுவர்போற் சிந்தித்து, ஓர் உருண்டையை எடுத்து, இல்லாத முன்பல்லை விடுத்துக் கடைவாயால் சரிபாதி கடித்தாள். எஞ்சிய பாதியைத் தாயின் வாயிலிட்டாள்.

"இப்ப ஆறரை."

வாகீசன் வெடித்துச் சிரித்தான். சியூலான் மென்றாள், மென்றாள், மென்றுகொண்டேயிருந்தாள். "மாவை வறுத்துப்போட்டியள் என்ன, மச்சாள்?"

"வறுத்தாத்தான் அது மா" என்றாள் கமலாம்பிகை.

கழிந்த பதினொரு திங்களை எவரும் மீட்டுத் தரவில்லை. தாயின் கண் காணாமல் வளர்ந்த நான்கு விரல் உயரம் காணாமல் வளர்ந்ததே. ஆயினும், எந்தப் பதிவேட்டிலும் இடம்பெறாத ஆறரை அகவையொன்று அன்றிரவு தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உறங்கிற்று. நாளை முதல் பகல் சிறிது சிறிதாய் நீளும். உருண்டைகள் பாகில் ஊறிக்கொண்டிருந்தன. ஏழாவதற்கு அவ்வீட்டில் எவருக்கும் விரைவில்லை.