லெட் என்றொரு சொல்

இந்தக் காலத்து ஆட்களுக்குச் சொன்ன சொல் நாக்கில் நிற்பதில்லை. காலையில் ஒன்று சொல்கிறான், வெயில் ஏறியதும் அதற்கு வேறு அர்த்தம் சொல்கிறான். கேட்டால், நீ விளங்கிக்கொண்டதுதான் பிழை என்று நம் தலையிலேயே போடுகிறான். வெள்ளைக்காரன் மட்டும் அப்படியில்லை என்று பளீல் ஒரு காலத்தில் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை வத்தேகமைக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டத்தின் வாசல் படலையடியில் போயிற்று.

பளீல் அலவத்துகொடைக்காரர். பொதிமாடு ஓட்டுவது தொழில். கண்டியில் அரிசி மூட்டைகளை மாடுகளின் முதுகில் ஏற்றி, வண்டி போகாத மலைத் தோட்டங்களுக்குக் கொண்டுபோவார். திரும்பும்போது கோப்பிக் கொட்டை இறங்கும். வத்தேகமையைத் தாண்டினால் ஒரே ஏற்றம். அந்த ஏற்றத்தின் நடுவில், படலைக்கு உள்ளே, பாறையிலிருந்து மூங்கில் வழியாகப் பீலித் தண்ணீர் விழும். அங்கே வாய் நனைக்காவிட்டால் மாடு மேலே ஏறாது. சுற்றுப்பாதையில் தண்ணீர் அடிப்பள்ளத்தில் கிடக்கும், பொதியோடு மாட்டை இறக்க முடியாது. சுருங்கச் சொன்னால், பீலி இல்லையென்றால் பளீலுக்குத் தொழில் இல்லை.

பீலியைக் கொடுத்தவர் பழைய துரை. ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து பாதை மூடிக்கொண்டது. தோட்டத்தில் ஒரு பிடி அரிசி இல்லை; கூலிக்காரர் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் பச்சைக் கொய்யாக்காயைக் கடித்துக்கொண்டு கிடந்தன. அப்போது பளீல் சேற்றுக்குள்ளால் மாடுகளை ஏற்றிவந்தார். நல்ல மாடு ஒன்று பள்ளத்தில் போனது. உனக்கு என்ன வேண்டும் என்று துரை கேட்டார். தண்ணீர் என்றார் பளீல்.

பழைய துரை எந்நேரமும் வேதப் புத்தகமும் கையுமாக இருந்த கிழவர். பேச்சும் அந்தப் புத்தகத்தைப் போலவே இருக்கும். மற்றத் துரைமார் அதைக் கேட்டு மீசைக்குள் சிரிப்பார்கள். அவர் கையை உயர்த்தி, "நோ மேன் ஷல் லெட் பளீல்" என்றார். பிறகு தன் கொச்சைத் தமிழில், "பளீலை ஒருத்தன் தடுக்கிறதில்லே. எவன் மறிச்சாலும் இதைச் சொல்லு" என்றார். வாய்க்குப் படியும்வரை திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்.

எழுதித் தாருங்கள் என்று பளீல் கேட்கவில்லை. காகிதத்தை மழை நனைக்கும், கறையான் தின்னும். சொல்லை எது தின்னும்?

அன்றிலிருந்து படலையடிக்கு வந்ததும் பளீல் அதைச் சொல்வார். காவல்காரன் கறுப்பையாவுக்கு ஒரு மண்ணும் விளங்காது. "வாங்க நானா, இங்கிலீசு வந்துருச்சு" என்று கேலி பண்ணிக்கொண்டே படலையைத் திறப்பான்.

பழைய துரை சீமைக்குப் போய்விட்டார். கோப்பி இலையில் மஞ்சள் தூள் விழுந்து மரங்கள் காயத் தொடங்கிய நேரத்தில் புதுத் துரை வந்தார். இளவயது, எதிலும் இறுக்கம். வெளிமாடு ஒன்றும் உள்ளே வரக்கூடாது என்பதுதான் அவர் போட்ட முதல் கட்டளை.

அதற்குப் பிறகு பளீல் வந்த முதல் நாள் கறுப்பையா சிரிக்கவில்லை.

"தொரை அங்கனதான் நிக்கிறாரு. திரும்பிப் போயிருங்க நானா."

"நிக்கட்டும். அவருக்கிட்டயே செல்றேன்."

துரைக்குப் பக்கத்தில் தோட்டத்துக் கிளாக்கர் இராமநாதன் நின்றார். யாழ்ப்பாணத்தார், மிஷன் பள்ளியில் படித்தவர். ஊரிலிருந்து கண்டிக் கடைத்தெருவுக்கு வரும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் புகையிலையும் பளீலின் மாட்டில்தான் அவர் வீட்டுக்கு ஏறிவரும், கூலி பேசாமல். அவரைக் கண்டதும் பளீலுக்குத் தெம்பு வந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

துரை புருவத்தை உயர்த்தினார். இன்னொரு முறை சொல்லும்படி சைகை காட்டினார். பளீல் இன்னும் உரக்கச் சொன்னார். துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கறுப்பையாவுக்குப் படலையைக் காட்டி ஏதோ சொல்லிவிட்டுக் குதிரையேறிப் போய்விட்டார்.

"எனத்தியன் செல்லிட்டுப் போறாரு?"

இராமநாதன் தொண்டையைச் செருமினார். "நீங்கள் சொன்னதைத்தான் தானும் செய்யிறாராம், நானா. பளீலை ஒருத்தரும் விடக்கூடாது எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

"நான் எங்க அப்பிடிச் செல்லின? தடுக்கப்படாதுண்டுதான் செல்லீக்கிது."

"பழைய துரையின்ர வாயில அது தடுக்கிறதுதான். முந்தின இங்கிலீசில லெட் எண்டால் மறிக்கிறது. வேதப் புத்தகத்திலயும் அப்பிடிக் கிடக்கு. இப்ப விடுறது எண்டுதான் கருத்து. மற்றது வழக்கொழிஞ்சு போச்சு."

"மறிக்கிறதுக்கும் விடுறதுக்கும் ஒரே சொல்லா?"

"ஆதியில ரெண்டும் வேற வேற சொல்லு. நாள் போகப் போக ஓசை ஒண்டாப் போச்சு."

"நல்லா ஈக்கிது. அப்ப தொரைமார் கலியாணத்துல குடுக்கிற வாக்கு, பொண்டாட்டி கெழவியாகக்குள்ள மாறிப் போகுமோ?"

கறுப்பையா வாயைப் பொத்திக்கொண்டான்.

"இன்னும் கனக்கக் கிடக்கு நானா. பிரசன்ட்லி எண்டு ஒரு சொல்லு. முந்தி உடனே எண்டு கருத்து. இப்ப, கொஞ்சம் பொறுத்து."

"அது ஏன் மாறின?"

"உடனே செய்யிறன் எண்டு சொன்ன ஆக்கள் செய்யாமல் விட்டிருப்பினம்."

பளீல் அவரையே பார்த்தார். பின்னால் மாடுகள் தண்ணீர் மணம் பிடித்து முக்காரமிட்டன.

"இதெல்லாம் ஒங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?"

"படிச்ச காலத்திலயிருந்து."

"அப்ப நான் இந்தப் படலையில நிண்டு செல்லின நேரமெல்லாம் தெரியும்."

"தெரியும்."

"இப்ப அவர் சிரிக்கக்குள்ளயும் தெரியும். பொறகு ஏன் அவருக்கிட்டச் செல்லல்ல?"

"அவர் கேக்கேல்லை, நானா."

சிரித்த துரைமேல் இருந்த கோபம் அந்த இடத்தில் பளீலுக்கு இறங்கிப்போனது. அவன் வழி தெரியாமல் வந்தவன். இவர் அப்படியா? ஒடியல் தின்ற வாய் அல்லவா மூடிக்கொண்டு நின்றது.

அதற்கு மேலும் ஒரு சந்தேகம் வந்து குத்தியது. பழைய கருத்து என்று ஒன்று உண்மையில் இருந்ததா? இல்லை, மாட்டைப் பறிகொடுத்துச் சேற்றோடு வந்து நின்ற மனுசனின் வாய்க்குள், அவனையே மறிக்கும் சொல்லைத் திணித்துவிட்டுக் கிழவன் கப்பலேறினானா? யாரிடம் கேட்பது? இங்கிலீஷ் தெரிந்தவர் இங்கே ஒருவர்தான். அவரும் சற்று முன் ஊமையாக நின்றவர்.

"பழைய துரை உங்களை ஏமாத்தேல்லை. நாளைக்கு இவருக்கு எடுத்துச் சொல்லிப் பாக்கிறன்" என்றார் இராமநாதன்.

"நாளைக்கிண்டா ஒங்கடாக்களுக்கு இப்ப எனத்தியன் அர்த்தம்?"

பதிலுக்கு நிற்காமல் பளீல் முன்மாட்டின் கயிற்றைப் பிடித்தார். அது திரும்ப மறுத்தது. கழுத்தில் தட்டி, தோளால் முட்டித் திருப்பினார். மற்றவை முனகிக்கொண்டு அதன் பின்னால் வந்தன.

"சத்தியமாச் சொல்லுறன் நானா, அந்தக் கருத்து இருந்ததுதான்" என்று படலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

பளீல் சுற்றுப்பாதையில் இறங்கி நடந்தார். அவர் நம்பவில்லை.