ஆமைக்கு வேண்டிய வெயில்

லாட்ஜில் பதினாறாம் நம்பர் அறையைக் காலி செய்தவர்கள் குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் டப்பாவை விட்டுப் போயிருந்தார்கள். உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆமை. தலையின் இரு பக்கமும் சிவப்புக் கோடு. கண்கள் வீங்கி மூடியிருந்தன. மேனேஜர் போன் செய்து கேட்டதற்கு, "அது வீட்டுக்கு ஆகாதுன்னு கோயில்ல ஒருத்தர் சொன்னாரு. நீங்களே என்னமும் பண்ணிக்கங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

அறை கூட்ட வந்த கனகலட்சுமி டப்பாவை எடுத்துக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் யாரையும் கேட்காமல் அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் பொருள் அது.

அடுத்த நாளே பஸ் ஏறி ராமநாதபுரத்தில் மாட்டு டாக்டரிடம் காட்டினாள். அவர் ஆமையின் ஓட்டை விரலால் அழுத்தினார். லேசாக அமுங்கியது. "வெயிலே படாம, காஞ்ச இறாலை மட்டும் போட்டு வளத்திருக்காங்க. சத்து இல்லாமத்தான் கண்ணும் வீங்கிருச்சு" என்று ஊசி போட்டார். நல்ல தண்ணீர், ஏறி உட்கார ஒரு கல், பாதி வெயில் பாதி நிழல், கீரை, கேரட், ஓடு இறுகச் சுண்ணாம்புச் சத்து என்று சொல்லி அனுப்பினார். இது வெளிநாட்டு ஆமை, நம் ஊர்க் குளத்தில் விட்டால் அங்கே இருக்கிறதை எல்லாம் தின்று தீர்த்துவிடும் என்றும் சொன்னார்.

சுண்ணாம்புச் சத்துக்கு அவள் கடைக்குப் போகவில்லை. அக்காள்மடம் கடற்கரையில் வெள்ளையாக ஒதுங்கும் கணவாய் மீன் ஓடுகளைப் பொறுக்கி, உப்புப் போக மூன்று நாள் ஊறவைத்து, ஆமை ஏறி உட்காரச் செங்கல் வைத்த பிளாஸ்டிக் தொட்டியில் போட்டாள். லாரித் தண்ணீரில் அதற்கும் இரண்டு குடம் ஒதுக்கினாள். தெருவின் கண்ணுக்குப் பயந்து தொட்டியைக் கொல்லையில், கக்கூஸ் சுவருக்குப் பின்னால் வைத்தாள். அங்கே வெயில் ஒரு மணி நேரம்தான் விழும். இருந்தும் ஒரு மாதத்தில் கண் திறந்தது. சில நாள் அதன் முன்னால் உட்கார்ந்து கேரட்டைச் சீவிச் சீவிப் போடுவாள். 

அவள் கணவன் காளிதாஸ் ஆட்டோ ஓட்டுகிறவன். அண்ணன் பாண்டித்துரைக்கு முதுகுளத்தூர் பக்கம் மிளகாய் விவசாயம். அமாவாசை தவறாமல் வந்து கடலில் முழுகி, தம்பி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

அந்த அமாவாசையன்று கனகலட்சுமி விடியலிலேயே சமைத்து வைத்துவிட்டு லாட்ஜுக்குப் போனாள். மதியம் திரும்பியபோது தொட்டியில் செங்கல் மட்டும் இருந்தது.

"அண்ணன் கொல்லைப் பக்கம் போனப்பப் பாத்து எடுத்துட்டுப் போயிருக்காரு," என்றான் காளிதாஸ், தரையைப் பார்த்தபடி. "கடல்ல விடப்போறாராம்."

"நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?"

"அண்ணன்கிட்ட என்னத்தச் சொல்ல? இப்பத்தான் போறாரு."

அவள் ஓடினாள்.

பாண்டித்துரை முழங்கால் தண்ணீரில் வேட்டியை மடித்துக் கட்டி நின்றார். இரண்டு கையிலும் ஆமை. உதடு ஏதோ முணுமுணுத்தது.

"அத்தான், விடாதீங்க!"

"ஏத்தா, இங்கன எதுக்கு ஓடியார? இது வந்ததுல இருந்து அவன் ஆட்டோ ரெண்டு தடவை படுத்திருச்சு. சேதுத் தண்ணியில விட்டா தோஷமும் போகும், இதுவும் சொந்த வீடு போய்ச் சேரும்."

"ஆட்டோ படுத்தது பழைய பேட்டரியால. ஆமையா ஓட்டுச்சு? அதுக்குக் கடல் சொந்த வீடும் இல்ல. உப்புல செத்துப்போகும்."

"ஆமை தண்ணியில சாகுமாக்கும்? போத்தா."

"காலைப் பாருங்க. கடல் ஆமைக்குத் துடுப்பு. இதுக்கு நகம். நீங்களும் ஊருணித் தண்ணி குடிச்சு வளந்தவருதான? இதுல ரெண்டு மடக்குக் குடிச்சுக் காட்டுங்க. அப்புறம் விடுங்க."

கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த பூமயில் சிரித்துவிட்டாள். "குடிங்கண்ணே, நாங்களும் பாப்போம்!"

பாண்டித்துரையின் முகம் கறுத்தது. கனகலட்சுமி சேலை நனையத் தண்ணீரில் இறங்கி, அவர் கையிலிருந்து ஆமையை எடுத்தாள்.  

"அது இருக்கிற வீட்டுக்குள்ள இனிக் கை நனைக்க மாட்டேன்," என்றார் அவர்.

"அது உங்க இஷ்டம். நான் ஆக்கி வைப்பேன்."

வீட்டுக்கு வந்ததும் தொட்டியைக் கொல்லையிலிருந்து இழுத்து வந்து வாசலில் போட்டாள். காலையிலிருந்து உச்சி வரை வெயில் விழும் இடம். ஒரு பாதிக்குத் தென்னங்கீற்றை நிழலாகச் சாய்த்தாள்.

"தெருவே பாக்குமேடி," என்றான் காளிதாஸ்.

"பாக்கட்டும்."

பார்த்தார்கள். நாலு பேர் நாலு விதமாகப் பேசவும் செய்தார்கள். அவள் தண்ணீர் மாற்றினாள், சோப்புப் போட்டுக் கை கழுவினாள், வேலைக்குப் போனாள். ஒரு நாள் ஓட்டை அழுத்திப் பார்த்தாள். அமுங்கவில்லை.

அடுத்த அமாவாசைக்குப் பாண்டித்துரை வந்தார். படி ஏறவில்லை. காளிதாஸ் பிளாஸ்டிக் நாற்காலியை வாசலில் போட்டான். அவர் தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். காளிதாஸ் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தான்.

"வீட்டுக்குள்ளதான் சாப்பிட மாட்டேன்னேன்," என்றார் அவர், தெருவைப் பார்த்து.

கனகலட்சுமி இலையில் சோற்றைக் கொண்டுவந்து அவர் முன்னால் ஸ்டூலில் வைத்தாள். ஆமை செங்கல்லில் ஏறி, பின்னங்கால்களை நீட்டி, கழுத்தை நிமிர்த்தியிருந்தது. அதன் மேல் அவருடைய தோளின் நிழல் படிந்திருந்தது.

"அத்தான்," என்றாள். "வெயிலை மறைக்கிறீங்க. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

 அவள் அங்கேயே நின்றாள். உள்ளே போகவில்லை.

நாற்காலியின் கால் சிமென்ட் தரையில் கிறீச்சிட்டது. பின்னாலேயே இலையோடு ஸ்டூலும் நகர்ந்தது; ஆமையின் ஓட்டில் வெயில் விழுந்தது.