பதினோராம் நாற்காலி

மார்த்தாண்டத்திலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி இருக்கிறது. ஆறு வருடங்களுக்கு முன்பு அது பொறியியல் கல்லூரி. மாணவர்கள் வருவது நின்றபோது தாளாளர் பொன்னுலிங்கம் கடைசல் இயந்திரங்களை விற்று, அந்தப் பட்டறையில் ஒரு பெரிய வட்டமேசையைப் போட்டார். புதிய படிப்பு எப்படி நடக்கிறது என்பதை அந்த மேசையை வைத்தே விளக்கிவிடலாம்.

மேசையைச் சுற்றிப் பதினாறு நாற்காலிகள்தான் போட முடியும். அதனால் ‘ஒரு வகுப்பில் பதினாறு பேர் மட்டுமே’ என்பது கல்லூரியின் கல்விக் கொள்கை ஆயிற்று. மேசை வட்டமாக இருப்பதால் ஆசிரியர் பாடம் நடத்த முடியாது, எல்லோரும் கலந்து பேசத்தான் வேண்டும். பேச்சுக்கு மதிப்பெண் உண்டு. ‘உரையாடலும் சிந்தனையும்’ என்ற தாளில் எழுத்துக்குத் தனித் தேர்ச்சி, பேச்சுக்குத் தனித் தேர்ச்சி. இரண்டிலும் தேறினால்தான் பட்டம்.

பேச்சை எப்படி அளப்பது? இங்கேதான் பேராசிரியர் முருகதாஸின் திறமை. அவர் வேண்டியவர்களுக்கு அள்ளிப் போடுகிறார் என்று முன்பு ஒரு புகார் எழுந்தது. உடனே முகமே பார்க்காத ஒரு முறையை உண்டாக்கினார். நாற்காலிகளின் முதுகில் பெயின்டால் எண் போட்டார். வகுப்பு தொடங்கியதும் பதிவேட்டின் மேல் தலையைக் குனிந்துகொள்வார். எந்தத் திசையிலிருந்து குரல் வருகிறதோ அந்த எண்ணுக்கு நேரே ஒரு டிக். என்ன சொன்னார்கள் என்பதை அவர் கவனிப்பதில்லை. கவனித்தால் அபிப்பிராயம் வந்துவிடும், அபிப்பிராயம் வந்தால் பாரபட்சம் வந்துவிடும். ஒருவருக்கு ஒரு வகுப்பில் அதிகபட்சம் பத்து டிக். பருவம் முழுவதும் சேர்த்து நாற்பது வந்தால் தேர்ச்சி.

இந்த இயந்திரத்தை முதலில் புரிந்துகொண்டவன் சிஜின். குளச்சலில் அவன் அப்பாவுக்கு விசைப்படகு இருக்கிறது. “அபிலாஷ் சொன்னதோடு நான் உடன்படுகிறேன்” என்றால் ஒரு டிக். மூச்சை இழுத்துவிட்டு “ஆனால், இதை இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம்” என்றால் இன்னொன்று. எந்தக் கோணம் என்று யாரும் கேட்பதில்லை. அடுத்து அபிலாஷ் சிஜினோடு உடன்படுவான். பத்து நிமிடத்தில் இருவருக்கும் கோட்டா முடிந்து, மேசைக்கடியில் போன் பார்க்கலாம்.

அபிதாவுக்கு இது கைவரவில்லை. அவளும் குளச்சல்தான். எழுத்துத் தேர்வில் அவளே முதல். ஆனால் சொல்ல எதுவும் இல்லாதபோது பேச அவளுக்கு வராது. சொல்ல ஏதாவது கிடைக்கும்போது மேசையைச் சுற்றி நான்கு உடன்பாடுகள் ஓடி முடிந்திருக்கும். கடைசி வகுப்புக்கு வரும்போது அவள் கணக்கில் முப்பத்தொரு டிக். இன்னும் ஒன்பது வேண்டும். ஒரே வகுப்பில் அவள் அதிகமாக வாங்கியதே மூன்று. திருவனந்தபுரத்தில் எம்.ஏ. வரலாற்றுக்கு இடம் கிடைத்திருந்தது. ஜூனில் பட்டச் சான்று காட்டாவிட்டால் அந்த இடம் போய்விடும்.

“ஏட்டி, வாயத் தொறந்து ‘நானும் அப்படித்தான்’னு சொல்லேன். நாக்கு தேஞ்சா போவும்?” என்றான் சிஜின், உள்ளே போகும்போது.

“நீ அப்படித்தான்னு எல்லாருக்கும் தெரியும். போலே.”

அன்று திறந்த வகுப்பு. அடுத்த வருடச் சேர்க்கைக்காகப் பொன்னுலிங்கம் பெற்றோர்களை அழைத்திருந்தார். ஒவ்வொரு மாணவருக்கும் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பெற்றோர் பேசக் கூடாது, பார்க்கலாம். பதினோராம் எண்ணுக்குப் பின்னால் அபிதாவின் அம்மா ரெஜிலா. குளச்சல் துறைமுகத்தில் விடியற்காலையில் ஏலம் எடுத்து, மார்த்தாண்டம் சந்தையில் மீன் விற்கிறவள். சந்தையிலிருந்து நேராக வந்திருந்தாள்.

தலைப்பு, ‘கடல் யாருக்குச் சொந்தம்?’

“கடல் எல்லோருக்கும் பொதுவானது” என்று தொடங்கினான் சிஜின். “சிஜின் சொன்னதோடு நான் உடன்படுகிறேன்” என்றான் அபிலாஷ். நந்தனா அபிலாஷோடு உடன்பட்டாள். சபிதா இருவரோடும் உடன்பட்டாள். ஒரு சுற்று முடிந்தது. பெற்றோர்களில் சிலர் வாட்ஸ்அப்புக்குப் போனார்கள்.

ரெஜிலா முன்னால் சாய்ந்து மகளின் தோளுக்குப் பக்கத்தில் மெல்லக் கேட்டாள். “ஏட்டி, இது என்ன ஏலம்? ஒருத்தனும் கூட்டிக் கேக்காம, மொதல்ல சொன்ன வெலையவே சொல்லுதானுவ. மீனு எங்க?”

முருகதாஸின் பேனா அசைந்தது. அபிதா அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி இருந்ததால் பதிவேடு தெரிந்தது. பதினொன்றுக்கு நேரே ஒரு டிக்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. போனில் பேசினால் சொந்தச் சித்தியே அம்மாவையும் மகளையும் மாற்றிக் கூப்பிடுவாள். அபிதா திரும்பி ‘சும்மா இரும்மா’ என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் ஒரு சாண் இடப்பக்கம் நகர்த்தினாள். அம்மாவுக்கு மேசை நன்றாகத் தெரிந்தது.

“மக்கா, எல்லாருக்கும் பொதுன்னு சொன்னியே,” என்றாள் ரெஜிலா சிஜினிடம், இப்போது சத்தமாகவே, “எந்தக் கடலு? கரைக்கடலா, ஆழக்கடலா?”

இரண்டாவது டிக். மேசை திகைத்தது. அந்த மேசையில் கேள்வி விழுவது அதுதான் முதல் தடவை.

“பொதுவா… கடல்” என்றான் சிஜின்.

“பொதுவா ஒரு கடலு கெடையாது மக்கா. கரைப்பக்கம் சின்ன வள்ளக்காரன் வலை போடுவான். அங்க உங்க அப்பாக்க விசைப்போட்டு வந்து மடிவலைய இழுத்துட்டுப் போனா அவன் என்னத்தப் பிடிப்பான்?”

மூன்று. பின்னால் நின்ற பொன்னுலிங்கம் அவளைத் தடுக்க ஓர் அடி எடுத்து வைத்தார். ஆனால் பெற்றோர்கள் போனைப் பையில் போட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைப் பார்த்ததும் அந்த அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

சிஜினின் முகம் சிவந்தது. மூன்று வருடத்தில் முதன்முறையாக, “நான் உடன்படல்ல” என்றான். “ஆழத்துக்குப் போனா கப்பலு வந்து இடிக்குது. போன மாசம் எங்க போட்ட உரசிட்டுப் போச்சு. அப்பா ரெண்டு நாளு சாப்பிடல்ல. உள்ள போவச் சொல்லுதது லேசு.”

“செரி, அது நியாயம்” என்றாள் ரெஜிலா. நான்கு. “அப்போ ஆழம் கப்பலுக்காரனுக்கு, கரை உங்க அப்பாவுக்கு. வள்ளக்காரன் எங்க போவான், பேச்சிப்பாறை அணைக்கா?” ஐந்து. பெற்றோர்கள் சிரித்தார்கள். யாரோ ஒரு அப்பா, அரசாங்கம் எல்லைக்கல் நடணும் என்றார். அவருக்கு முன்னால் இருந்த நந்தனாவுக்கு டிக் விழுந்தது. “தண்ணியில எங்கய்யா கல்லு நடுவிய?” என்றாள் ரெஜிலா. ஆறு. எல்லை தாண்டினால் ஜி.பி.எஸ். காட்டிக்கொடுக்கும் என்றான் சிஜின். அது படகில் இருக்கிறதா, ராத்திரி அணைத்துவிடுகிறார்களா என்று அவள் கேட்டாள். ஏழு. படகில் இருக்கிறது என்று மட்டும் சொன்னான் அவன். “அணைக்கியளா இல்லியா, அத மட்டும் சொல்லு மக்கா.” எட்டு.

“சில நேரம்” என்றான் சிஜின்.

ரெஜிலா பின்னால் சாய்ந்து கொண்டாள். அவளுக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. மணி அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. அபிதா எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பத்தொன்பது. இனி ஒரு வார்த்தை போதும், அதற்கான வார்த்தையும் மூன்று வருடமாக எல்லோர் வாயிலும் தேய்ந்து தயாராக இருந்தது.

அதற்குள் சிஜின் முந்திக்கொண்டான். வெட்கத்தை மறைக்க அவனிடம் வேறு ஆயுதம் இல்லை. பழைய குரலில், “அபிதா சொன்னதோடு நான் உடன்படுகிறேன்” என்றான். “அபிதா மிக ஆழமான கேள்விகளைக் கேட்டார்.”

தன் பெயரை அந்தக் கேள்விகளின் மேல் ஒட்டியதைக் கேட்டபோதுதான் அபிதாவுக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்றாள். “அது நான் கேட்டது இல்ல சாரே, எங்க அம்ம கேட்டது, இவ்வளவு நேரமும் அம்மதான் பேசினா, நான் வாயே தொறக்கல்ல” என்று ஒரே மூச்சில் சொன்னாள்.

முருகதாஸ் தலை நிமிராமல் பதினொன்றுக்கு நேரே ஒன்பதாவது டிக்கைப் போட்டார். மணி அடித்தது.

அவள் விடவில்லை. ஆசிரியர் அறை வரை போய் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். அங்கே அவருக்குக் காது நன்றாகக் கேட்டது.

“எட்டு டிக்க அடிச்சிருங்க சாரே. இல்லேன்னா இப்பவே என்னை ஏதாவது கேளுங்க, நான் பதில் சொல்லுதேன்.”

“அடிக்க முடியாதும்மா. மையில போட்டது. அடிச்சா மொத்தப் பதிவேடும் சந்தேகத்துக்கு உள்ளாகும். நந்தனாவுக்கும் அப்புறம் பார்க்கணும்.” பதிவேட்டை மூடினார். “நீ இப்ப சொல்லுதது உண்மையா இருக்கலாம். ஆனா இது வகுப்புக்கு வெளிய. கணக்குல வராது.”

வாசலில் பொன்னுலிங்கம் ரெஜிலாவை வழிமறித்திருந்தார். அடுத்த திறந்த வகுப்புக்கும் வர வேண்டுமாம், சின்ன மகன் பிளஸ் டூ முடித்துவிட்டானா என்றும் கேட்டுக்கொண்டிருந்தார். ரெஜிலா, இருக்கிற ஒருத்தி முதலில் வெளியே வரட்டும் என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பேருந்து நிறுத்தத்தில் அபிதா எல்லாவற்றையும் அம்மாவிடம் சொன்னாள். நாற்காலி எண், டிக், முப்பத்தொன்பது, நாற்பது. ரெஜிலா பொறுமையாகக் கேட்டாள். ஏலத்தின் விதிகளை அவள் எப்போதும் ஒரு தடவை கேட்டாலே புரிந்துகொள்வாள்.

“அப்போ பாஸா?”

“பாஸுதான். ஆனா அது நான் எடுத்த மார்க்கு இல்ல.”

“இருவது வருசமா நான் ஏலத்துல எடுத்த மீனத் திங்கிய,” என்றாள் ரெஜிலா. “இது நான் பிடிச்ச மீனு இல்லன்னு ஒருநாளாவது எழும்பி நின்னியா?”

அபிதாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, “அது வேற, இது வேற” என்றாள்.

“எப்படி வேற? சொல்லு.”

குளச்சல் பேருந்து வந்தது. ஏறி உட்கார்ந்த பிறகு அபிதா சொல்லத் தொடங்கினாள். கருங்கல் தாண்டியும் அம்மாவும் மகளும் ஒத்துப்போகவில்லை. கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.