ஆர்லோ பிக்ஸ்பி ஏறிய உயரம்

அக்டோபர் மாதம் இரண்டாம் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆர்லோ பிக்ஸ்பி தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு மேலே போனார். அன்று நார்த் டில்பரி சபைக் கூடத்தில் பீன்ஸ் விருந்து. தட்டு பன்னிரண்டு டாலர், பழுப்பு ரொட்டிக்குத் தனியாக ஒரு டாலர். முழங்கால் உயரம் என்பது நாற்காலியின் உயரமும் ஆனதால், ஆர்லோ நாற்காலி கேட்காமல் வெறும் காற்றில் சம்மணமிட்டு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டார். விருந்துக்கு வந்த நாங்கள் எழுபது பேரும் அதைப் பார்த்தோம். அன்று பீன்ஸில் உப்பு சற்றுத் தூக்கல் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசினோம். தாம் மேலே போனது சந்தோஷத்தினால் என்று ஆர்லோ நினைத்தார். அவர் சட்டைப் பையில், பஞ்சு வைத்த மாத்திரை டப்பாவுக்குள், முந்நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய வெள்ளி ஷில்லிங் ஒன்று இருந்தது.

அவரும் ரோலண்ட் திபோவும் இருபத்திரண்டு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் ஹோபர்ட் காட்டில், மண்ணுக்குள் உலோகம் தேடும் டிடெக்டரோடு நடந்தவர்கள். இங்கிலாந்து ராஜாவின் காலத்தில் அங்கே பண்ணைகள் இருந்தன. இப்போது கல் வேலிகளும், மேப்பிள் மரம் முளைத்துவிட்ட நிலவறைப் பள்ளங்களும்தான் மிச்சம். இருவரும் எடுத்த தட்டைப் பித்தான்கள், செருப்புக் கொக்கிகள், துப்பாக்கி ஈயக் குண்டுகள், பல் பதிந்த ஈயக் கரண்டிகள் எல்லாம் எங்கள் நூலகத்தின் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. காட்டுக்காரர்களான ஹோபர்ட் குடும்பத்தார் அவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள். புல்லை மூடி போல வட்டமாக வெட்டி எடுக்க வேண்டும், மண்ணைத் துணியில் கொட்ட வேண்டும், வேலை முடிந்ததும் மண்ணைத் திரும்பப் போட்டு, மூடியை வைத்து, காலால் மிதித்துவிட வேண்டும். குழி இருந்த இடம் குழி தோண்டியவனுக்கே தெரியக் கூடாது. அந்த நிபந்தனையைத் தாம் ஒருநாளும் மீறியதில்லை என்று ஆர்லோ எல்லோரிடமும் சொல்வார், மனதார நம்பித்தான் சொல்வார். ஆனால் ஹெட்போனில் அடுத்த சத்தம் கேட்டுவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. இரண்டு உதையில் இலைச் சருகைக் குழிக்குள் தள்ளிவிட்டு நகர்ந்துவிடுவார். ரோலண்ட் எப்போதும் கால் மணி நேரம் பிந்தித்தான் வண்டிக்கு வருவார். அவருக்கு மூத்திரப் பையில் ஏதோ கோளாறு என்று ஆர்லோ ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அந்த அக்டோபர் சனிக்கிழமை, ஓடையை ஒட்டிய சரிவில் முதலில் சத்தம் கேட்டது ரோலண்டின் கருவியில்தான். அவர் திரையைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"டின் வளையம்டா. எவனோ பியர் குடிச்சிட்டுப் போட்டிருக்கான். வா போலாம்."

"அத நான் தோண்டிப் பாக்குறேனே."

"தோண்டு. அத நம்ம நூலகத்துல வை. கீழ என் பேரப் போட்டுடாத."

ஆர்லோ வீம்புக்குத் தோண்டினார். ஒரு சாண் ஆழத்தில், ஒரு பக்கம் பைன் மரமும் மறுபக்கம் பழைய எழுத்துமாக அந்த ஷில்லிங் கிடந்தது. இந்த வேலையில் இருப்பவர்கள் சாகும் வரைக்கும் கனவு காணும் காசு அது. ஆர்லோ கத்திய கத்தலில் மரங்கொத்தி வேலையை நிறுத்தியது. கூட இன்னொன்று இருக்கும் என்ற ஆசையில் முழங்கால் ஆழத்துக்குத் தோண்டிப் பார்த்துவிட்டு, குழியை அப்படியே போட்டுவிட்டு வண்டிக்கு ஓடினார். ஓடும்போதே, "டின் வளையமாம்! டேய், டின் வளையமாம்டா!" என்று திரும்பித் திரும்பிக் கத்தினார். ரோலண்ட் குழியைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அன்றைக்கு மட்டும் அவர் பிந்தாமல் ஆர்லோவின் பின்னாலேயே வண்டிக்கு வந்துவிட்டார். அரை மைல் கழித்து ஆர்லோவின் கால் பெடலுக்கு எட்டவில்லை. ரோலண்ட்தான் வண்டியை ஓட்டினார், வாய் திறக்காமல்.

குளிர்காலம் முழுவதும் ஆர்லோ முழங்கால் உயரத்தில் நடந்தார். பனி பூட்ஸ் தேவைப்படவில்லை. சறுக்கி விழவில்லை. மருத்துவர் சோதித்துவிட்டு, ரத்த அழுத்தம் நன்றாக இருக்கிறது, தாழ்வான நிலைப்படிகளை மட்டும் தவிர்க்கவும் என்று எழுதிக் கொடுத்தார். ஆராதனை முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் ஆர்லோ அந்த உயரத்திலிருந்தே கூட்டத்தைத் துழாவி ரோலண்டைக் கண்டுபிடித்து, "வளையம் வந்தாச்சா? ஓ, அதோ நிக்குது!" என்பார். எல்லோரும் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. ரோலண்ட் காபிக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் போவார். ஜனவரியிலிருந்து அவர் பின் வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் முடிந்ததும் காபிக்கு நிற்காமல் கிளம்பிவிட்டார்.

ஏப்ரலில் மண் இளகியதும் ஆர்லோ தனியாகக் காட்டுக்குப் போனார். ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு சாண், மூன்று சாண் என்று மேலே போய்க்கொண்டிருந்தார். காற்றில் குப்புறப் படுத்துக்கொண்டு தோண்டினார். கை எட்டாமல் போனதும் டிடெக்டரை ஆப்பிள் பறிக்கும் கம்பில் கட்டினார். வேலிக் கம்பத்துக்குக் குழி போடும் நீளமான கருவியால் தோண்டி, அதிலேயே மண்ணோடு அள்ளி மேலே தூக்கிப் பார்த்தார். பன்னிரண்டு குழிக்கு ஏழு பித்தான், ஒரு மாட்டு லாடம், நான்கு நிஜமான டின் வளையம் கிடைத்தன. மே மாத நடுவில் அவர் கால் தரையிலிருந்து பத்தரை அடியில் இருந்தது. வீட்டுக்குள் மாடி ஜன்னல் வழியாகப் போய் வந்தார். தபால்காரர் கடிதங்களைத் தூண்டில் கம்பில் மாட்டிக் கொடுத்தார்.

இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். ஆனால் ஜூன் கடைசிச் சனிக்கிழமை அவருடைய ஒரே மகள் கோராவுக்குக் கல்யாணம். தாயில்லாமல் வளர்த்த பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சபையின் நடுப்பாதையில் நடக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் கர்த்தரிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. பாஸ்டர் ஐரீன் திரைச்சீலை அளக்கும் நாடாவோடு வந்து அளந்தார். சபை வாசலின் உயரம் ஒன்பது அடி.

"மேல்மாட ஜன்னல் வழியா உள்ள வரலாம், ஆர்லோ. ஆனா கோரா கையப் பிடிக்க முடியாது."

"ஜெபம் பண்ணுங்க பாஸ்டர்."

"பண்ணிட்டுதான் இருக்கேன். நீங்க இறங்கணும்னு மனசார நினைக்கிறீங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம்."

மாப்பிள்ளை கூரை வேய்பவர் என்பதால் மாமனாரோடு பேசுவதில் அவருக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. ஏணியில் நின்றபடியே கல்யாண விஷயங்களைப் பேசி முடித்துவிட்டார். கோராவுக்குத்தான் தூக்கம் போயிற்று. ஒரு மத்தியானம் அவள் ரோலண்ட் வீட்டுக்குப் போனாள். அப்பாவோடு சமாதானம் ஆகுங்கள், கல்யாணத்துக்கு வாருங்கள் என்று மட்டும்தான் கேட்கப் போனாள். ரோலண்ட் சமையலறையில் நின்று, சாசேஜ் வறுத்துக்கொண்டே கேட்டார்.

"எத்தனை அடில இருக்கான் இப்ப?"

"பத்தரை, மாமா."

"தனியா எத்தனை சனிக்கிழமை போனான்?"

"ஆறு."

ரோலண்ட் விரல் விட்டு எண்ணினார். அடுப்பை அணைத்தார். "உங்கப்பன் குழிய மூட மாட்டாம்மா. இருபத்திரண்டு வருஷமா நான்தான் பின்னாலயே போய் மூடிட்டு வரேன். அன்னைக்கு அந்தக் காசுக் குழிய மட்டும் மூடல. அது முழங்கால் ஆழம். பீன்ஸ் விருந்துல அவன் முழங்கால் உயரத்துல உக்காந்திருந்தப்பவே எனக்கு விளங்கிடுச்சு. வாயத் திறந்திருக்கணும். வீம்பு. திறக்கல. அது என் பாவம்."

"அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். குழிய மூடுறதுல தான்தான் கெட்டிக்காரன்னு நினைச்சிட்டிருக்கான். அத எதுக்குக் கெடுக்கணும்?"

மறுநாளிலிருந்து ரோலண்ட், கெட்டுப்போன வலது முழங்காலுக்குப் பட்டை கட்டிக்கொண்டு, தினமும் காட்டுக்குப் போனார். ஆர்லோ எந்தப் பக்கம் திரும்புவார், எந்தக் கல் வேலியருகே சோம்பல்படுவார் என்பது அவருக்குத் தெரியும். சருகுக்கு அடியில் மறைந்திருந்த குழிகளை ஒவ்வொன்றாகத் தேடி மூடி மிதித்தார். உண்ணிகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு அடுத்த குழியைத் தேடினார். ஆர்லோ வாரத்துக்கு இரண்டு சாண், மூன்று சாண் இறங்கினார். முதலில் அது மீனெண்ணெயினால் என்றார். அப்புறம் பாஸ்டரின் ஜெபத்தினால் என்றார். கொஞ்ச நாள் மலச்சிக்கல் தீர்ந்ததனால் என்றும் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கோரா கல்யாண உடுப்பைத் தைக்கக் கொடுத்தாள்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. வியாழக்கிழமை காலை ஆர்லோ நான்கடி உயரத்தில், டிடெக்டர் இல்லாமல், காட்டுக்குள் உலாவினார். ஓடைச் சரிவின் மேல்புறம் வந்தபோது கீழே பெரணிச் செடிகளுக்கு நடுவே ரோலண்ட் மண்டியிட்டிருப்பதைப் பார்த்தார். ஜெபிக்கிறார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார். ரோலண்ட் கைகளால் மண்ணை அள்ளிப் போட்டார், புல் மூடியை வைத்தார், முனகிக்கொண்டே எழுந்தார், நல்ல காலால் ஒரு மிதி மிதித்தார். ஆர்லோ ஒரு சாண் கீழே இறங்கினார். ரோலண்ட் நான்கு அடி தள்ளிப் போய் இன்னொரு குழியை மூடி மிதித்தார். ஆர்லோ இன்னொரு சாண் இறங்கினார். மூன்றாவது மிதிக்கு அவர் கையில் இருந்த தொப்பி கீழே விழுந்து ரோலண்டின் முன்னால் உருண்டது.

ரோலண்ட் நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டியா? வந்தவன் சும்மா நிக்காம அந்த மண்வெட்டிய எடு."

"எத்தனை வருஷமாடா?"

"என்ன எத்தனை வருஷம்?"

"டேய்."

"மூத்திரக் கோளாறு வந்ததுலேர்ந்து."

ஆர்லோ அந்த முழங்கால் உயரத்தில் நின்று அழுதார். ரோலண்ட் அவருக்கு மூக்கு சிந்தத் துணி கொடுத்தார். மண் கொட்டும் துணிதான். அப்புறம் இருவரும் மிச்சமிருந்த கடைசிக் குழிக்குப் போனார்கள். ஷில்லிங் கிடைத்த குழி அது. அதையும் மூடினால் ஆர்லோ தரைக்கு வந்துவிடுவார்.

குழிக்குள், சரிவுப் பக்கம் மண் சற்றே கவிந்திருந்த இடத்தில், காய்ந்த புல்லால் கட்டிய ஒரு கூடு இருந்தது. முதுகு சாம்பலும் வயிறு வெள்ளையுமான சின்னக் குருவி ஒன்று விருட்டென்று பறந்து கிளையில் உட்கார்ந்து திட்டியது. கூட்டில் நான்கு குஞ்சுகள், இறகு முளைக்காதவை, வாய் மட்டும் முளைத்தவை.

"இன்னும் பத்து நாள் ஆகும் பறக்க," என்றார் ரோலண்ட். "சனிக்கிழமைக்குள்ள நடக்காது. கூட்டத் தூக்கி வேற எடத்துல வைக்கலாம். தாய் வந்தாலும் வரும். வராமலும் போவும்."

ஆர்லோ தரையை ஆசையாகப் பார்த்தார். கால் கட்டை விரலை நீட்டிப் பார்த்தார், எட்டவில்லை. மண்வெட்டி அவர் கையில்தான் இருந்தது. குருவி கிளையில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது.

"தனியா இருந்து புள்ள வளக்குறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்டா," என்றார் கடைசியில். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டார். "விடு."

"அதுக்குப் புருஷன் இருக்குடா. அந்தா, அந்தக் கிளைல."

"இருந்துட்டுப் போவட்டும். விடுன்னா விடு."

போகும் வழியில் ஆர்லோ மாத்திரை டப்பாவை எடுத்து ரோலண்டின் சட்டைப் பையில் போட்டார். "உன் கருவிலதான் மொதல்ல சத்தம் வந்துச்சு."

"நான் டின் வளையம்னு சொன்னேன்."

"நான் கழுத. சும்மா வா."

சனிக்கிழமை சபை நிரம்பியிருந்தது. மணப்பெண்ணின் செருப்புக்குள் ஒரு வெள்ளிக் காசு போடுவது எங்கள் வழக்கம். ரோலண்ட் குனிய முடியாமல் குனிந்து அந்த ஷில்லிங்கைக் கோராவின் இடது செருப்புக்குள் வைத்தார். ஆர்லோ முழங்கால் உயரத்தில், புதுச் சாக்ஸ் எல்லோருக்கும் தெரிய, வாசலில் காத்திருந்தார். வளர்ந்த பெண் அப்பாவின் கையைப் பிடிக்கக் கையை மேலே நீட்ட வேண்டியிருந்தது. கோரா அண்ணாந்து பார்த்தாள். ஆறு வயதில், பள்ளிக்கூட வாசலில், அவள் அவரை அப்படித்தான் பார்த்தாள்.

"கீழ வர முடியலம்மா."

"பரவால்லப்பா. இப்பதான் சரியான உயரத்துல இருக்கீங்க."

இருவரும் நடந்தார்கள். ஆர்லோவின் புதுச் செருப்பிலிருந்து ஒரு சத்தமும் எழவில்லை. கோராவின் இடது செருப்பு மட்டும் லேசாகக் கிணுகிணுத்தது. பாஸ்டர் ஐரீன் அன்று பிரசங்கத்தைச் சுருக்கிக்கொண்டார். எங்கள் சபையில் அது அபூர்வம்.

ஜூலை ஐந்தாம் தேதி குஞ்சுகள் பறந்துபோயின. ஆறாம் தேதி ஆர்லோ தம் கையாலேயே குழியை மூடி, மிதித்து, தரைக்கு வந்து சேர்ந்தார். செருப்பு தேயத் தொடங்கியது. மறு வருடம் மே மாதம் அதே குருவி அந்தச் சரிவில் சமதளமாகிவிட்ட இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தியது. ஆர்லோ ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரணிக்கு அடியில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி தோண்டி, மூடாமல், முழங்கால் உயரத்தில் வீட்டுக்கு வந்தார். அதிலிருந்து வருடா வருடம் மே முதல் ஜூலை வரை அவர் அந்த உயரத்தில்தான் இருக்கிறார். பாஸ்டர் அதற்குத் தோதாகச் சபையின் விளக்குகளை மாற்றுவதையும் ஜன்னல்களின் மேல்தட்டைத் துடைப்பதையும் அந்த மாதங்களுக்கு ஒதுக்கிவிட்டார். கேட்பவர்களிடம், குருவிக்காக ஏறியிருக்கிறார் என்று சொல்வோம், யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

இருவரும் இப்போதும் சனிக்கிழமை தோறும் போகிறார்கள். ஆர்லோ தம் குழிகளைத் தாமே மூடுகிறார், நன்றாகவே மூடுகிறார். ஆனாலும் ரோலண்ட் கால் மணி நேரம் பிந்தித்தான் வருகிறார். ஒவ்வொரு மூடியின் மேலும் இன்னும் ஒரு தடவை மிதித்துவிட்டு வருகிறார். வண்டியருகே, தரைக்குச் சற்றே மேலே காத்திருக்கும் ஆர்லோ, காட்டுக்குள்ளே அந்த மிதி விழும்போதெல்லாம், ஒரு நகக்கண் அளவு கீழே இறங்குகிறார். கடைசி மிதி விழுந்ததும் தெர்மாஸைத் திறந்து இரண்டு கோப்பையில் காபி ஊற்றி வைக்கிறார்.