நானூற்றுப் பன்னிரண்டாம் வரி

கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகளை மடக்கி ஆராய்ச்சிக்கு இழுத்து வருவதில் கணினித் துறை மேடத்தை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வகுப்பில் யாராவது ஒரு பெண் உருப்படியாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் போதும். மறுவாரமே அவளை மூன்றாம் மாடியில் இருக்கும் தன் அறைக்கு வரவழைத்து, பாதி அழிந்த வெள்ளைப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து ஆரம்பித்துவிடுவார். "புரோகிராம் எழுத லட்சம் பேர் இருக்காங்கம்மா. அத எழுதற மொழியையே செய்யறவங்க எத்தன பேரு சொல்லு? விரல் விட்டு எண்ணிடலாம். உனக்கு அந்தத் தலை இருக்கு." இந்தப் பேச்சில் சொக்கிப்போய் வந்தவர்கள் பலர். அவர்களில் பாதிப் பேர் ஆறே மாதத்தில் கம்பி நீட்டிவிட்டார்கள் என்பதை மட்டும் மேடம் யாரிடமும் சொல்லமாட்டார்.

கம்பி நீட்டாமல் நின்றவள்தான் சந்தேகம். எதைச் சொன்னாலும் "மேடம், ஒரு சந்தேகம்" என்று கையைத் தூக்குவதால் கூடப் படித்தவர்கள் வைத்த பெயர் அது. மேடமும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் கையில் ஒரு கம்பெனி வேலை தயாராக இருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலையை விடச் சொல்ல மேடமே அந்த வீட்டுக்குப் போனார். நாற்காலி முதுகில் யூனிஃபார்ம் காய்ந்துகொண்டிருந்தது. அதை அவசரமாக எடுத்துவிட்டு உட்காரச் சொன்னாள் அந்த அம்மாள்.

"இன்னும் அஞ்சு வருஷம் படிப்பா? முடிச்சா வேலை கெடைக்குமா டீச்சர்?"

"உங்க பொண்ணுக்குக் கெடைக்கலன்னா வேற யாருக்குங்க கெடைக்கும்? நான் எதுக்கு இருக்கேன்?"

"எனக்கு இதெல்லாம் ஒண்ணும் புரியாது. உங்கள நம்பித்தான் விடறேன்."

அடுத்த நாளே மகள், வேலைக்கு வரவில்லை என்று கம்பெனிக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பெண் உழைத்த உழைப்பு யாருக்கும் வராது. இருவருமாகச் சேர்ந்து ஒரு சின்ன மொழியைச் செய்தார்கள். அதில் எழுதிய புரோகிராமை ஓட்டுவதற்கு முன்பே பரிசோதகர் என்கிற இன்னொரு புரோகிராம் படித்துப் பார்க்கும். அது சரி என்று சொல்லிவிட்டால், ஓடும்போது பாதியில் கவிழவே கவிழாது. வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? நிரூபிக்க வேண்டும். நிரூபணத்தையும் கணினியிலேயே படிப்படியாக எழுத வேண்டும். ஒவ்வொரு படியையும் கணினி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கும். ஒரே ஒரு சலுகை உண்டு. ஒரு படி ரொம்பப் படுத்தினால், அந்த இடத்தில் 'இப்போதைக்கு ஒப்புக்கொள்' என்று ஒரு கட்டளையைப் போட்டுவிட்டு மேலே போகலாம். கணினி மறுபேச்சுப் பேசாது. அப்புறம் திரும்பி வந்து அந்த ஓட்டையை அடைக்க வேண்டியது போட்டவர் பாடு.

கட்டுரை அனுப்ப மூன்று வாரம் இருக்கும்போது ஒரு படி அப்படித்தான் மக்கர் பண்ணியது. இரண்டு நாளாக அதிலேயே முட்டிக்கொண்டிருந்தவளை, "நகரு, நகரு" என்று தள்ளிவிட்டு மேடம் அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் கணினியிலேயே, நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில், தன் கையால் அந்தக் கட்டளையைத் தட்டினார்.

"இது அரை நாள் வேலம்மா. நான் பாத்துக்கறேன். நீ முன்னுரைய எழுது."

எந்த வரியை யார் எழுதியது என்று கோப்பின் வரலாறு தானாகவே குறித்து வைக்கும். கணினி அந்தப் பெண்ணுடையது. ஆகவே அந்த வரியும் அவள் பெயரில் பதிந்தது. அப்போது அது இருவருக்குமே உறைக்கவில்லை.

பத்து நாள் கழித்து அவள் கேட்கத்தான் செய்தாள். "மேடம், ஒரு சந்தேகம். அந்தப் படி..."

"ஆச்சும்மா, ஆச்சு."

எங்கே ஆச்சு? சனிக்கிழமை உட்காரலாம் என்று இருந்தார். சனிக்கிழமை விடைத்தாள் திருத்தம். ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்குக் கண் ஆபரேஷன். அப்புறம் மறந்தே போனார். கடைசியில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துக் கட்டி அனுப்பியவரும் அவர்தான். அப்போதாவது ஒரு தடவை தேடிப் பார்த்தாரா, இல்லை. எதற்கெடுத்தாலும் சந்தேகம் கேட்கிற பெண்ணோ, மேடம் சொன்ன ஒன்றை மட்டும் நம்பி, 'எல்லாப் படிகளும் கணினியால் சரிபார்க்கப்பட்டவை' என்று கட்டுரையில் எழுதினாள்.

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். அதைப் படித்துவிட்டு, கடல் தாண்டி ஒரு பேராசிரியர் அவளை டாக்டர் பட்ட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்வதாக எழுதினார். அம்மாக்காரி வார்டு வார்டாகச் சொல்லித் தீர்த்தாள்.

ஏற்ற கட்டுரையின் கோப்புகளை ஓட்டிப் பார்க்க ஒரு குழு உண்டு. அவர்களிடமிருந்து ஒரு திங்கட்கிழமை கடிதம் வந்தது. நானூற்றுப் பன்னிரண்டாம் வரி நிரூபிக்கப்படவில்லை. அதோடு விட்டார்களா? அந்தப் படியே பொய் என்று காட்ட நாலே வரியில் ஒரு புரோகிராமையும் எழுதி வைத்திருந்தார்கள். மேடம் அதை ஓட்டிப் பார்த்தார். பரிசோதகர் சரி என்றது. ஓடத் தொடங்கியதும் கவிழ்ந்தது. கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டார். கோப்பின் வரலாற்றை அச்செடுத்து மேஜைமேல் வைத்திருந்தார்.

"என்ன மேடம், உங்க பொண்ணு இப்படிப் பண்ணி வெச்சிருக்கு?"

'நான்தான் போட்டேன்' என்று ரெண்டே வார்த்தை. மேடம் மென்று விழுங்கினார்.

"விசாரிக்கறேன் சார்."

"விசாரிக்க என்ன இருக்கு? அதான் பேரே இருக்கே. பாவம் நீங்க, அடுத்த வியாழக்கிழமை உங்களுக்குப் பதவி உயர்வு இன்டர்வியூ வேற. மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

பதினோரு வருஷமாகக் காத்திருந்த இன்டர்வியூ. மேடம் குழப்பிக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானமே, விஷயம் தெரிந்து, கடல் தாண்டி இருந்த அந்தப் பேராசிரியரும் எழுதிக் கேட்டார். 'அந்த வரி எப்படி வந்தது? உங்களிடமிருந்து ஒரு வார்த்தை போதும். வெள்ளிக்கிழமை வரை அவள் இடத்தை நிறுத்தி வைக்கிறேன்.' மேடம் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பதில் எழுதினார். அவளைப் போல ஒரு மாணவியைப் பார்த்ததில்லை என்று எழுதினார். உழைப்பு, அறிவு, பணிவு எல்லாவற்றையும் வண்டி வண்டியாகப் புகழ்ந்தார். கடைசியில், 'அவசரத்தில் நேர்ந்த கவனக்குறைவு. அந்த வயதில் சகஜம்' என்று முடித்தார். அடடா, என்ன சாமர்த்தியம்! ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு பெண்ணின் கழுத்தை அறுக்க நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

புதன்கிழமை அவள் வந்தாள். உட்காரவில்லை.

"மேடம், நீங்க சொல்லிட்டீங்கல்ல? அது நீங்க போட்டதுன்னு. அந்த வெளிநாட்டு புரொபசர் எங்கிட்டயும் கேட்டாரு. நானா சொன்னா உங்கள மாட்டி விடற மாதிரி இருக்கும். அதான், மேடம் எழுதுவாங்கன்னு மட்டும் சொன்னேன்."

"எல்லாம் எழுதிட்டேன்மா. ரொம்ப நல்லா எழுதியிருக்கேன். நீ கவலப்படாத."

அவள் முகம் தெளிந்து போனதைப் பார்த்தபோது மேடத்துக்கு உடம்பு கூசியது. கூசி என்ன பயன்?

அடுத்த திங்கட்கிழமை ஆராய்ச்சி அறைச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். மேஜையில் வைத்தாள்.

"இடத்த வெள்ளிக்கிழமையே வேற ஆளுக்குக் குடுத்துட்டாரு. 'உன் வழிகாட்டியே கவனக்குறைவுன்னு சொல்லும்போது நான் என்ன செய்ய'ன்னு எழுதியிருக்காரு." குரல் உயரவில்லை. "அம்மா லீவு போட்டுட்டு வீட்லயே இருக்காங்க. வார்டுல கேப்பாங்களாம்."

மேடம் அழுதுவிட்டார். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதார். "தப்பு பண்ணிட்டேன்மா. இப்பவே எல்லாருக்கும் எழுதறேன். நான்தான் போட்டேன்னு எழுதறேன்."

"இன்னொரு இடத்துலயும் கேட்டிருக்கேன் மேடம். அங்க புதன்கிழமை சாயங்காலம் முடிவு பண்றாங்க. அவங்களும் விஷயத்தக் கேள்விப்பட்டிருக்காங்க. அதுக்குள்ள உங்க கடிதம் போனா எடுத்துப்பாங்க. போகலன்னா ஆராய்ச்சிப் பக்கமே இனி நான் போக முடியாது. பழைய கம்பெனியிலயும் இப்ப ஆள் எடுக்கல." முகவரியை ஒரு தாளில் எழுதி சாவிக்குப் பக்கத்தில் வைத்தாள். "இதுக்கு மேல எப்படிக் கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

அவள் போனதும் மேடம் கதவைத் தாழிட்டுவிட்டு எழுதினார். இந்தத் தடவை மழுப்பவில்லை. அவளைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தது, தட்டியது, ஆச்சு என்று சொன்னது, துறைத்தலைவர் முன்னால் வாயை மூடிக்கொண்டது எல்லாம் எழுதினார். படிக்கிறவர்கள் காறித் துப்பும்படி எழுதினார். எழுதி முடித்ததும் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. அந்தப் பெண் கொடுத்த முகவரியை முதலில் போட்டார், துறைத்தலைவருடையதை அடுத்துப் போட்டார்.

அப்போதுதான் நாட்காட்டியைப் பார்த்தார். இன்டர்வியூ வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. பதினோரு மணிக்குள் முடிந்துவிடும். முடிந்த கையோடு அனுப்பிவிடலாம். அங்கே புதன்கிழமை முடிவு பண்ணினால்தான் என்ன, இப்படி ஒரு கடிதம் போனால் மறுபடி யோசிக்க மாட்டார்களா? அவர்களும் மனிதர்கள்தானே. ஒரு நாள்தானே வித்தியாசம், அதற்குள் என்ன குடிமுழுகிவிடப் போகிறது?

கடிதத்தை அனுப்பாமல் சேமித்து வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, மேடம் மூன்றாம் ஆண்டு வகுப்புக்குக் கிளம்பினார்.