நின்ற நூல்

வலது கை விரல்கள் மரத்துப்போய் ஐந்து மாதம். இருபத்திரண்டு வருஷம் தேயிலைக் கொழுந்து பறித்த கை. மணிக்கட்டில் ஆபரேஷன் செய்த டாக்டர், "உணர்ச்சி வந்தா வரும், வராமலும் போகலாம்" என்று சொல்லிவிட்டார். இதைச் சொல்ல டாக்டர் எதற்கு என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போன வாரம் ரொட்டிக்கல்லில் விரல் பட்டு வெந்தது. வாடை வந்த பிறகுதான் கையை எடுத்தேன். அன்றைக்கு அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் சுதாகரன், டயகம தோட்டத்துப் பங்களாவுக்கு வரும் வெள்ளைக்காரர்களுக்கு ஆற்றில் ட்ரவுட் மீன் இருக்கும் இடம் காட்டுகிறவர். மறுநாள் ஆட்கள் வருவதால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இடம் பார்க்கக் கிளம்பினார். வீட்டில் கையையே பார்த்துக்கொண்டு கிடந்த என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

தூண்டிலில் புழு இல்லை. நூலும் மயிரும் சுற்றிய, மிளகளவு பொய்ப்பூச்சி. அது தண்ணீருக்கு அடியில் கற்களை உரசிக்கொண்டு போகும். மேலே நூலில் கட்டிய ஓர் ஆரஞ்சு நிறத் தக்கை மிதக்கும்.

"மீன் வந்து இழுக்கும்தானே?" என்றேன்.

"இழுக்காது புள்ள. வாயில வாங்கிப் பார்க்கும். பொய்யின்னு தெரிஞ்சதும் துப்பிரும். அந்த ஒரு நொடி நூல் சும்மா நிக்கும், அவ்வளவுதான். ஆரஞ்சையே பார்த்துக்கிட்டு இருக்கணும்."

"இழுக்காத மீனுக்கு இவ்வளவு பெரிய கம்பா? நல்லாத்தான் இருக்கு உங்க உத்தியோகம்."

இரண்டு மணி நேரமாக ஒன்றும் அகப்படவில்லை. அவர் காலில் அட்டை ஏறியது. கம்பை என் இடது கையில் கொடுத்து, நூலை வலது கை விரல்களுக்கு இடையில் வைத்துவிட்டு, கரையில் உட்கார்ந்து, அட்டையை உதிர்க்கப் பையில் உப்பைத் தேடினார். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் இறங்கியது. ஆரஞ்சும் தெரியவில்லை, ஆறும் தெரியவில்லை.

"இனி ஒன்னும் பார்க்க ஏலாது, நூலைச் சுத்திரு" என்றார்.

கொழுந்து பறிக்கும்போது பறிக்கிற கிளையை நாங்கள் பார்ப்பதில்லை. கண் அடுத்த செடிக்குப் போய்விடும், விரல்தான் பார்க்கும். அந்தப் பழக்கத்தில் நானும் பனிக்குள் எங்கேயோ பார்த்துக்கொண்டு நின்றேன்.

நூல் நின்றது.

ஆள்காட்டி விரலில் தெரிந்தது. ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று அங்கே நின்றது. அப்படியென்றால் அது ஓடியதும் எனக்குத் தெரிந்திருக்கிறது! நான் யோசிப்பதற்குள் கை நூலைக் கிள்ளிப் பிடித்து, தோளுக்கு மேலாகப் பின்னால் வீசியது. முதுகில் கொழுந்துக் கூடை இல்லை என்பது கைக்கு எங்கே தெரியும்?

கம்பு வளைந்து ஆடியது. "ஐயோ, கூடையிலயா போடுற!" என்று கத்திக்கொண்டு, காலில் அட்டையோடு தண்ணீருக்குள் ஓடிவந்தார் சுதாகரன்.

ஒரு முழ மீன். விலாவோரம் ரோஸ் நிறக் கோடு. நாளை வருகிறவர்களுக்காகத் திரும்ப விட, அவர் அதைத் தண்ணீருக்குள்ளேயே வைத்துக் கொக்கியைக் கழற்றினார்.

"என் கண்ணுக்கே ஒன்னும் தெரியல. உனக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

குனிந்து மீனுக்கு அடியில் கையைக் கொடுத்தேன். அதன் செவுள் திறந்து மூடுவது ஒவ்வொரு விரலிலும் பட்டது. அப்படியே குனிந்து நின்றேன். பிறகு அது வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிப் பனிக்குள் போய்விட்டது. நான் கையை எடுக்கவில்லை.

"தண்ணி சில்லுன்னு இருக்குங்க" என்றேன்.

"டயகம தண்ணி பின்ன எப்படி இருக்கும்?" என்று சிரித்தவர், தண்ணீருக்குள் இருப்பது என்னுடைய எந்தக் கை என்று அப்போதுதான் பார்த்தார்.