நான்காம் இடத்தின் 6.1

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் கௌரவமானதல்ல. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொன்னேரி மாலை வகுப்பில் என் பக்கத்து இருக்கைப் பெண் சொன்னதை, அவளைக் கேட்காமலே நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். பெயரை மட்டும் அர்ஷியா என்று மாற்றியிருக்கிறேன்.

தொடக்கத்தை மூன்று முறை எழுதினேன். ‘பழவேற்காடு ஏரி அன்று கண்ணாடியைப் போல’

(விட்டுவிட்டேன். அன்று நான் ஏரியில் இல்லை.)

2

புதன்தோறும் ஏரியில் ஆறு இடங்களில் மீட்டரை இறக்கி, தண்ணீரில் உப்பு எவ்வளவு, ஆக்சிஜன் எவ்வளவு என்று படிவத்தில் நிரப்புவது அர்ஷியாவின் வேலை. ஆக்சிஜன் மூன்றுக்குக் கீழே இறங்கினால் அந்த இடத்துக்கு எச்சரிக்கை போகும். கடல் தண்ணீர் அங்கே வந்துபோக, தூர்ந்துபோன கால்வாயை வெட்ட ஆள் வரும். படகு கோட்டைக்குப்பம் வேலுவுடையது.

மூன்று புதன்கிழமைகள், நான்காம் இடத்துக்கு வேலு படகை விடவில்லை.

“இன்னிக்கு அது வேற ஆளுங்க பாடு மா. உள்ள போனா ஊர்ல பஞ்சாயத்து வெச்சிருவாங்க.”

(பாடு: சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்ட முறை. உங்கள் நாளில்தான் உங்கள் படகு அங்கே போகலாம். ‘மீட்டர் வலையில்லையே’ என்று அவள் வாதாடியிருக்கலாம். வாதாடவில்லை. இந்த இடத்தில்தான் எனக்கு அவள்மேல் சந்தேகம்.)

கட்டம் காலியாக இருந்தால் அலுவலகத்தில் கேட்பார்கள். மூன்றாம் இடத்தில் ஆக்சிஜன் 6.3. பக்கத்து இடம்தானே என்று கொஞ்சம் குறைத்து 6.1 போட்டாள். அடுத்த புதனும் 6.1. அதற்கடுத்த புதனும்.

3

நான்காம் புதன், மத்தியானம். அன்று பாடு உள்ளவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு திரும்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, வேலு தானாகவே படகை அங்கே விட்டார்.

வலை கட்டும் கழிகளில் நண்டுகள் ஏறியிருந்தன. தண்ணீருக்கு மேலே, ஒன்றின்மேல் ஒன்றாக, அசையாமல். எல்லாம் கரையைப் பார்த்தபடி.

“கீழ மூச்சு இல்ல. அதான் ஏறிக்கினு கீது” என்றார் வேலு.

அர்ஷியா மீட்டரை இறக்கினாள். 6.1.

குடிக்கிற தண்ணீரில் விட்டுப் பார்த்தாள்: 7.4. பேட்டரியை மாற்றி மறுபடியும் ஏரியில்: 6.1. கழியிலிருந்து ஒரு நண்டு தண்ணீரில் விழுந்தது. விழுந்த வேகத்தில் திரும்ப மேலே ஏறியது.

“இன்னா காட்டுது?”

“ஆறு புள்ளி ஒண்ணு, அண்ணா.”

வேலு சிரித்தார். “ஊர்க் கூட்டத்துல ஆபீஸ்காரங்களும் அதான் சொன்னாங்க. உங்க எடம் நல்லா கீது, கால்வாய வேற பக்கம் வெட்டப் போறோம்னு. நாம போவாத எடத்துக்கு நம்பர் எப்டி மா வந்துச்சு?”

அவள் மீட்டரை வெளியே எடுத்துத் துடைத்தாள்.

“நாளைக்கு இங்க என் பாடு. மறந்துடாத.”

4

(மீட்டர் பழுது என்று கதையை முடித்துவிட நினைத்தேன். பிறகு, மீட்டர் 1.9 காட்டியது என்று நோட்டில் மாற்றி எழுதினேன். மறுநாள் நோட்டைத் திறந்தால் 6.1. அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை, என் கையெழுத்து. மறுபடி 1.9 என்று எழுதி, கீழே நேரத்தையும் குறித்துவைத்தேன்: மாலை 6.40. நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது.)

5

முடிவு ஒன்று: அர்ஷியா 6.1 என்று எழுதுகிறாள். இந்த முறை அது பொய்யில்லை; மீட்டர் சொன்னதுதான். வேலு காலையில் வலையை இறக்குகிறார். இழுக்கும்போது

(இதற்கு மேல் எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: ‘மூன்று வாரமும் நான் அங்கே போகவில்லை’ என்று குறிப்புக் கட்டத்தில் எழுதுகிறாள். வேலை போகிறது. கால்வாய் வெட்ட ஆள் வருகிறார்கள். வரலாம்.

எது நடந்தது என்று அவளையே கேட்டிருப்பேன். இரண்டு வாரமாக அவள் வகுப்புக்கு வரவில்லை.

ஆகவே அவர்களைப் படகிலேயே விட்டுவைத்திருக்கிறேன். படிவம் அவள் மடியில். வேலு கோலை ஊன்றிப் படகை நிறுத்திவிட்டு, “எழுது மா” என்கிறார். நான் எழுதினால் என்ன விழும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுதுங்கள், பேனாவை நன்றாக அழுத்தி. பிறகு மூடி வைத்துவிட்டு, நாளை ஒருமுறை திறந்து பாருங்கள்.